யுகேஜி பொண்ணுக்கு ஸ்கூல் ஷூ, ஒன்றரை வயசுப் பையனுக்கு முதல் ஷூ: அளவு எப்படிப் பாக்கறது? (சேலம் / ஏற்காடு)

அம்மாபேட்டை அம்மா (கேள்வி)

வணக்கங்க. ரெண்டு குழந்தைங்களுக்கும் ஒண்ணா ஷூ வாங்கணும். பெரியவளுக்கு நாலரை வயசு, ஜூன்ல யுகேஜி. ஸ்கூல்ல கறுப்பு ஷூ, வெள்ளை சாக்ஸ் கட்டாயம். சின்னவனுக்கு ஒன்றரை வயசு. நடக்க ஆரம்பிச்சு மூணு மாசம் ஆகுது, இதுவரைக்கும் வெறுங்கால்தான்.

பெரியவளுக்கு ஒரு கடையில 9 சைஸ்னாங்க, இன்னொரு கடையில 11 எடுங்கன்னாங்க. ரெண்டு பேருமே ஷூ முன்பக்கத்தைக் கட்டைவிரலால அமுக்கிப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க. எங்க வீட்டு அத்தை "வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெருசா எடு, வருஷம் பூரா வரும்"ங்கறாங்க. எதை நம்பறது?

சின்னவனுக்கு இப்பவே ஷூ தேவையா? பாதம் தட்டையா இருக்கு, நடுவுல வளைவே இல்ல. அதுக்குன்னு மேடு வச்ச ஷூ வாங்கணுமா?

மாசத்துக்கு ரெண்டு தடவை ஏற்காடு போவோம், மாமா வீடு நாகலூர் பக்கம். அங்க மழையில நனைஞ்ச ஷூ ரெண்டு நாள் ஆனாலும் காயறதில்ல. அதுக்கும் வழி சொல்லுங்க. அக்கா பொண்ணு போட்ட ஷூ ரெண்டு ஜோடி பரண்ல இருக்கு, அதைப் போடலாமான்னும் சொல்லுங்க.

கடைவீதி காலணி

குழந்தைங்க ஷூ அளவு பாத்துக் குடுக்கறதுதான் என் வேலைங்க. 9-ஆ 11-ஆங்கறதை ஓரமா வைங்க. முதல்ல காலை மி.மீ. கணக்குல அளந்துடலாம், நம்பர் தானா வரும்.

சாயங்காலம் அளங்க. பகல் முழுக்க ஓடியாடின கால் காலையில இருந்ததைவிடக் கொஞ்சம் உப்பியிருக்கும். ஒரு வெள்ளைத்தாளைச் சுவத்தை ஒட்டித் தரையில வச்சு, குதிகால் சுவத்துல படற மாதிரி குழந்தையை நிக்க வைங்க. உக்கார வச்சு அளக்கக் கூடாது. நிக்கும்போது உடம்பு எடை இறங்கி பாதம் நீளும், அகலமும் ஆகும். பென்சிலைச் சாய்க்காம நேரா நிறுத்தி, எந்த விரல் நீளமோ அதோட நுனியில கோடு போடுங்க. எல்லாக் குழந்தைக்கும் பெருவிரல்தான் நீளம்னு இல்ல, சில பேருக்கு ரெண்டாவது விரல் முன்னாடி நிக்கும். ரெண்டு காலையும் அளங்க. வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், பெரிய கால்தான் கணக்கு. விரல்கள் தொடங்கற இடத்துல, பாதம் அகலமா இருக்கற பக்கத்துல, ரெண்டு ஓரத்துலயும் புள்ளி வச்சு அகலத்தையும் குறிச்சுக்கோங்க.

அந்த நீளத்தோட 12 மி.மீ. கூட்டுங்க. நடக்கும்போது பாதம் ஷூவுக்குள்ள முன்னால நகரும், அதுக்குக் கொஞ்சம் இடம் வேணும். மிச்சம் வளர்ச்சிக்கு. இடைவெளி 6 மி.மீ.க்குக் குறைஞ்சிடுச்சுன்னா அடுத்த ஷூ வாங்கற நேரம் வந்தாச்சு.

இப்ப நம்பர். நம்ம ஊர்ல விக்கற ஷூவுல பெரும்பாலும் யூகே நம்பர்தான் இருக்கும். அதுல ஒரு சைஸ்னா அங்குலத்துல மூணுல ஒரு பங்கு, கிட்டத்தட்ட 8.5 மி.மீ. சில டப்பாவுல 25, 27-ன்னு ஐரோப்பிய நம்பர் இருக்கும், அதுல ஒரு சைஸுக்கு 6.7 மி.மீ. இன்னொரு குழப்பமும் உண்டு. யூகே கணக்குல குழந்தைங்க நம்பர் 13 வரைக்கும் போயிட்டு மறுபடி 1-ல தொடங்கும். அதனால 1-ங்கற நம்பர் கைக்குழந்தைக்கும் இருக்கும், ரெண்டாங்கிளாஸ் பையனுக்கும் இருக்கும். "2-3 வயசு"ன்னு வயசு மட்டும் அச்சடிச்ச ஷூவை அளக்காம எடுக்கவே எடுக்காதீங்க. ஒரே வயசுல ரெண்டு குழந்தைங்க காலுக்கு நடுவுல ஒரு செ.மீ. வித்தியாசம் சாதாரணமா இருக்கும்.

கணக்கு இதுதான். கால் நீளத்தோட (செ.மீ.) 1.2 கூட்டி 1.5-ஆல பெருக்கினா ஐரோப்பிய நம்பர். கூட்டினதை 2.54-ஆல வகுத்து, 3-ஆல பெருக்கி, 12 கழிச்சா யூகே நம்பர்.

இதையும் கடைசி வார்த்தையா எடுத்துக்காதீங்க. ஒரே 9 நம்பர் போட்ட ரெண்டு கம்பெனி ஷூவுக்கு உள்நீளம் வேறவேறயா இருக்கும். அதனால வீட்லயே ஒரு அட்டைப்பட்டை வெட்டிக்கோங்க: அகலம் 2 செ.மீ., நீளம் கால் அளவோட 12 மி.மீ. கூட, முன்முனையை விரல் மாதிரி உருட்டி வெட்டணும். கடையில அதை ஷூவுக்குள்ள முன்நுனி வரைக்கும் தள்ளுங்க. வளையாம படுத்து, பின்முனை குதிகால் சுவத்தைத் தொட்டும் தொடாம நின்னா சரி. மடங்கினா சின்னது. பின்னாடி 5 மி.மீ.க்கு மேல இடம் இருந்தா பெருசு.

கட்டைவிரலால அமுக்கிப் பாக்கறதுல என்ன தப்புன்னா, மேல அமுக்கினதும் குழந்தை விரலை உள்ள மடக்கிக்கும். உடனே "நிறைய இடம் இருக்கு"ன்னு தோணும். போதாக்குறைக்கு ஸ்கூல் ஷூவுல முன்பக்கம் கெட்டி அட்டை இருக்கும், உள்ள விரல் எங்க இருக்குன்னு கைக்கே தெரியாது. உங்களுக்கு ரெண்டு கடையில ரெண்டு நம்பர் வந்ததுக்கு இதுதான் காரணமா இருக்கணும். உள்தாள் (ஷூவுக்குள்ள பாதத்துக்கு அடியில இருக்கற மெத்தை) கழட்ட வர்ற ஷூன்னா இன்னும் சுலபம். அதை வெளிய எடுத்துத் தரையில வச்சு, மேல குழந்தையை நிக்க வைங்க. விரலுக்கு முன்னாடி எவ்வளவு மிச்சம்னு கண்ணாலயே பாக்கலாம். பக்கவாட்டுல பாதம் உள்தாளைத் தாண்டி வழிஞ்சா அகலம் பத்தாது.

அகலத்தை விட்டுடாதீங்க. சென்னை அடையாறுல இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடத்துல, ஒரு லட்சத்துக்கு மேல ஆளுங்களோட பாதத்தை முப்பரிமாணத்துல அளந்தாங்க. ஐரோப்பா, அமெரிக்கா ஆளுங்களைவிட நம்ம பாதம் அகலம்னு அதுல தெரிஞ்சது. நமக்குன்னு "பா"ங்கற பேர்ல தனி அளவுமுறையைப் பரிந்துரைச்சதும் அந்த அளவெடுப்பை வச்சுத்தான். வெளிநாட்டு அச்சுல செஞ்ச ஷூ நீளத்துல சரியா இருந்தும் சுண்டுவிரலைக் கடிக்கறது இதனாலதான். அப்படிக் கடிச்சா "ஒரு சைஸ் பெருசு குடுங்க"ன்னு கேக்காதீங்க, வேற அச்சுல, முன்பக்கம் உருண்டையா அகலமா இருக்கற ஷூவைக் கேளுங்க. நீளம் கூடின ஷூவுல மடங்கற கோடு குழந்தையோட விரல் மடங்கற இடத்துக்கு முன்னால தள்ளிப் போயிடும். கால் ஒரு இடத்துல மடங்கும், ஷூ இன்னொரு இடத்துல மடங்கும். குழந்தை தத்தித் தத்தி நடக்கும், மேல்தோல் அந்த இடத்துல வெடிக்கும்.

அளவெடுத்துட்டு இங்க போடுங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன்.

பாதமும் நடையும்

குழந்தைகள் பிரிவில் பிசியோதெரபி பணி. தம்பியின் பாதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒன்றரை வயதில் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பு. அந்த வயதில் உள்ளங்காலின் நடுவில் கொழுப்பு மெத்தை இருக்கும், வளைவு தெரியாமல் அது மறைத்துக்கொள்ளும். எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். வளைவு உருவாகி வெளியே தெரிய ஐந்தாறு வயது ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். நடுவில் மேடு வைத்த உள்தாளோ ஷூவோ அந்த வளர்ச்சியை வேகப்படுத்தாது. வலியில்லாத, வளைந்துகொடுக்கும் தட்டைப் பாதத்துக்கு அது தேவையே இல்லை. அந்தப் பணத்தைச் சில மாதம் கழித்து வாங்கப்போகும் அடுத்த ஷூவுக்கு எடுத்து வையுங்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. அலமாரியில் ஒரு பொம்மையை எட்டாத உயரத்தில் வைத்து, குழந்தையை நுனிக்காலில் எம்ப விடுங்கள். பின்னாலிருந்து பாருங்கள். நுனிக்காலில் நிற்கும்போது உள்பக்கம் வளைவு எழும்பினால் பாதம் வளைந்துகொடுக்கிறது, கவலை வேண்டாம். ஒன்றரை வயதில் எம்பி நிற்க வராவிட்டால், மடியில் உட்காரவைத்துப் பெருவிரலை மெல்ல மேல்நோக்கித் தூக்கினாலும் அந்த வளைவு தெரியும்.

மருத்துவரிடம் காட்ட வேண்டியவை வேறு. ஒரு கால் மட்டும் தட்டை, எம்பினாலும் வளைவு எழாத விறைப்பு, வலி, நொண்டல், ஒரு பக்கம் மட்டும் கால் திரும்பியிருப்பது, மூன்று வயதுக்குப் பிறகும் எப்போதும் நுனிக்காலில் நடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. இரண்டு வயதுக்கு முன் கால் வில் போல வெளியே வளைவதும், மூன்று நான்கு வயதில் முட்டிகள் ஒன்றோடொன்று உரசுவதும் வளர்ச்சியின் படிகள். பெரும்பாலும் ஏழு வயதுக்குள் தானாக நேராகிவிடும். ஷூ போட்டு அதைத் திருத்த முடியாது.

ஷூ இப்போதே தேவையா? வீட்டுக்குள் தேவையில்லை. வெறுங்காலில் தரையை உணர்ந்து நடக்கும்போதுதான் பாதத்தின் சின்னச் சின்னத் தசைகள் வேலை செய்யும், சமநிலை வரும். டைல்ஸ் தரையில் வெறும் சாக்ஸோடு விடாதீர்கள், வழுக்கும். குளிர் நாளில் அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்த சாக்ஸ் போடலாம். வெளியே இறங்கும்போது ஷூ வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் சேலத்துத் தார் ரோட்டின் சூடு ஒரு காரணம். முள், கண்ணாடித்துண்டு இன்னொன்று. மலையில் ஈரமண் என்றால் கொக்கிப்புழுவும் சேர்ந்துகொள்ளும். அதன் புழுக்குஞ்சு வெறும் பாதத்தின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

முதல் ஷூ எப்படி இருக்க வேண்டும் என்றால், ஒரு கையால் மடக்கும்போது முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் சுலபமாக மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டாம். இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள், கொஞ்சம்தான் திரும்ப வேண்டும். குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரை இரண்டு விரலால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கி உட்காரக் கூடாது. குதி உயரம் வேண்டாம், அடி தட்டையாக இருக்கட்டும். கணுக்கால் வரை உயர்ந்த பூட்ஸ் போட்டால் கால் பலமாகும் என்பது தவறு. எடை முக்கியம். இரண்டு மாதிரி பிடித்திருந்தால் இலேசானதை எடுங்கள். கனமான ஷூவோடு நடக்கப் பழகும் குழந்தை காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துப் போகும்.

அம்மாபேட்டை அம்மா

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து சாயங்காலம் சொன்ன மாதிரியே அளந்தேன். பெரியவ: இடது 16.6, வலது 16.8 செ.மீ. சின்னவன் ரெண்டு காலும் 12.0. எம்பி நிக்கும்போது அவனுக்கு வளைவு தெரியுது.

அத்தை ஒரு யோசனை சொல்றாங்க. பெருசா வாங்கி முன்னாடி பஞ்சு வச்சுக்கலாமாம். செய்யலாமா?

கடைவீதி காலணி

பெரியவளுக்கு வலது கால் கணக்கு, 16.8. அதோட 1.2 சேத்தா 18.0 செ.மீ. ஐரோப்பிய நம்பர் சரியா 27. யூகே நம்பர் 9.26 வருது.

சிக்கல் இங்கதான். யூகே 9-க்கு உள்நீளம் கணக்குப்படி 17.8 செ.மீ. விரலுக்கு முன்னாடி 10 மி.மீ.தான் இருக்கும். இந்த வயசுல பாதம் மாசத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். ஜூன்ல போட்டா காலாண்டு லீவுக்குள்ள மிச்சம் 6 மி.மீ. ஆயிடும். யூகே 10-ன்னா 18.6 செ.மீ., முன்னாடி 18 மி.மீ. தொங்கும். 11-ல கிட்டத்தட்ட 27 மி.மீ. அதை யுகேஜி புள்ளைக்குப் போட்டா மாடிப்படியில முன்நுனி இடறிடுங்க, வேண்டாம்.

நீங்க தேட வேண்டியது ஒன்பதரை. உள்நீளம் 18.2, முன்னாடி 14 மி.மீ. ஜூன்ல போட்டா பிப்ரவரி வரைக்கும் தாங்கும். ஆனா அரை சைஸ் வைக்கற கம்பெனி கம்மி. கிடைக்கலைன்னா நம்பரைப் பாக்காம 18.0 முதல் 18.3 செ.மீ.க்குள்ள உள்நீளம் இருக்கற ஷூ எதுன்னு அட்டைப்பட்டையை வச்சுத் தேடுங்க. ஒரு கம்பெனியோட 9 இதுல உக்காரும், இன்னொரு கம்பெனியோட 10 உக்காரும். ஐரோப்பிய 27-ஐயும் பாருங்க.

வருஷம் பூரா ஒரே ஷூங்கறது இந்த வயசுல நடக்காத காரியம். அதை மட்டும் அத்தைகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லுங்க. பஞ்சு வச்சா என்ன ஆகும்னா, ரெண்டே நாள்ல அது அமுங்கிக் கட்டியாயிடும், வேர்வையில ஊறி நாறும், விரல் அதை முட்டிக்கிட்டே இருக்கும். அவ்வளவும் செஞ்சும் குதிகால் பக்கம் அப்படியே லொடலொடன்னுதான் இருக்கும். தளர்வு இருக்கறது பின்னாடி, பஞ்சு வைக்கறது முன்னாடி. குதிகால் ஷூவுக்குள்ள தூக்கித் தூக்கி விழும்போது, கழண்டு போகாம இருக்க குழந்தை விரலை மடக்கித் தரையைக் கவ்வும். கொப்புளம் வர்றதும் அதனாலதான். கொஞ்சம் கூடுதல் இடம் வேணும்னு தோணினா 15 மி.மீ.யோட நிறுத்திக்கோங்க. அதையும் மேல்பாதத்தை இறுக்கிப் பிடிக்கற பட்டை இருக்கற ஷூவுல மட்டும் செய்யுங்க.

சின்னவனுக்கு 12.0 + 1.2 = 13.2. ஐரோப்பிய 20, யூகே மூணரை. நாலும் கிடைக்கும், ஆனா 15 மி.மீ. இடம் வந்துடும், புதுசா நடக்கறவனுக்கு அது கூடுதல். 20-ஐத் தேடுங்க. இவன் வயசுல மாசத்துக்கு ஒன்றரை மி.மீ. வரைக்கும் வளரும், நாலஞ்சு மாசத்துல ஷூ பத்தாமப் போகும். அவனுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, பெரியவளுக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா அளந்து பாருங்க.

போட்டுப் பாக்கும்போது வரிசை முக்கியம். ஸ்கூலுக்குப் போடப்போற அதே சாக்ஸை எடுத்துட்டுப் போங்க. பட்டையை முழுக்கத் திறந்து காலை நுழைச்சு, குதிகாலைத் தரையில லேசா ரெண்டு தட்டுத் தட்டிப் பின்சுவத்தோட ஒட்ட வைங்க. அப்புறம்தான் பட்டை, அதுவும் விரல் பக்கத்துல இருந்து மேல் நோக்கி. நிறைய பேர் பட்டையை மாட்டிட்டுக் குதிகாலை உள்ள அழுத்தறாங்க. அப்ப பின்சுவர் மடிஞ்சு, ஒரே மாசத்துல ஷூ செருப்பாயிடும். மாட்டினதும் நிக்க வச்சு, அகலமான இடத்துல மேல்தோலைக் கிள்ளிப் பாருங்க. லேசா மடிப்பு வந்தா சரி, கிள்ளவே வரலைன்னா இறுக்கம். குதிகாலுக்குப் பின்னாடி உங்க சுண்டுவிரல் நுழைஞ்சா போதும், கட்டைவிரல் போகக் கூடாது. அஞ்சு நிமிஷம் நடக்க விட்டுட்டுக் கழட்டி சாக்ஸையும் எடுத்துப் பாருங்க. சிவப்புத் தடம் பத்து நிமிஷத்துல மறையாம நின்னா அந்த ஷூ வேண்டாம். குழந்தைகிட்ட "வலிக்குதா"ன்னு கேட்டுப் பிரயோஜனமில்ல, புது ஷூ ஆசையில இல்லைன்னுதான் சொல்லும்.

மே கடைசி வாரம் சேலத்துல எந்தக் கடையிலயும் 8-ல இருந்து 12 வரைக்கும் சீக்கிரம் தீந்துடும். இருக்கறதைத் தலையில கட்டற நேரம் அது. மே நடுவுல, கூட்டம் இல்லாத வார நாள் சாயங்காலமாப் பாத்து வாங்குங்க. ரெண்டு வாரம் முன்னாடி வாங்கறதால காலும் அரை மி.மீ.க்கு மேல வளந்துடாது.

நாகலூர் காப்பித்தோட்டம்

ஈரம் பத்தி யாரும் எழுதலை, நான் எழுதுறேன்.

மலைக்கு ஸ்கூல் ஷூவைப் போட்டுட்டு வராதீங்க. அதோட அடிப்பாகம் பெரும்பாலும் பிவிசி. ஈரத் தரையில வழுக்கும், குளிர்ல இன்னும் விறைக்கும். ஏற்காடு கடல்மட்டத்துல இருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், அடிவாரத்துல வேர்க்கும்போது இங்க மேல பனி இறங்கும். ஏரிக்கரை, அண்ணா பூங்கா மாதிரி இடத்துல பாசி படிஞ்ச கல் பாதையில ஓடற குழந்தைக்கு ரப்பர் அல்லது டிபிஆர் (ரப்பர் மாதிரி வளையற ஒரு பிளாஸ்டிக்) அடி வேணும். பள்ளம் ரெண்டு மூணு மி.மீ. ஆழமா இருக்கட்டும், அதுக்கு மேல வேண்டாம். ரொம்ப ஆழமான பல்லு வச்சா சேறு அடைச்சுக்கும், காஞ்ச டைல்ஸ்ல பிடிச்சு நிறுத்தித் தலைகுப்புறத் தள்ளும்.

கம்பூட் மழையில முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் மட்டும்தான். அது விரல் பக்கத்துல சரியா மடங்காது, குதிகாலைப் பிடிக்கவும் செய்யாது, உள்ள காத்தும் போகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டா கால் வேர்வையில ஊறிடும். தடிச்ச சாக்ஸோட அளந்து வாங்குங்க. ஒன்றரை வயசுக்காரனுக்கு வேண்டவே வேண்டாம், முழங்கால் வரைக்கும் ஏறி நடையையே கெடுத்துடும்.

நனைஞ்ச ஷூவைக் காய வைக்கற முறை: உள்தாளையும் நாடாவையும் கழட்டுங்க, நாக்கை வெளிய இழுத்து விடுங்க. செய்தித்தாளைக் கசக்கி நுனி வரைக்கும் அடைங்க. அது ஈரத்தைக் குடிச்சு நனைஞ்சதும், ஒரு மணி நேரத்துல மாத்துங்க. மூணு தடவை மாத்தினா பெரும்பகுதி ஈரம் போயிடும். அப்புறம் முன்நுனி மேல பாக்கற மாதிரி சுவத்துல சாய்ச்சு வச்சு ஃபேனைப் போடுங்க. அடுப்பு மேடையில, கணப்புப் பக்கத்துல வைக்கவே கூடாது. அடியை ஒட்டின பசை இளகிப் பிரிஞ்சுடும், தோல்னா வெடிச்சுடும். இவ்வளவும் செஞ்சாலும் மழைக்காலத்துல ஒரு நாள் முழுக்க ஆகத்தான் செய்யும், அதனால இங்க எப்பவும் ஒரு மாத்து ஜோடி வேணும். உங்க வீட்ல ரெண்டு நாள் ஆகியும் காயலைன்னா, உள்தாளைக் கழட்டாமலேயே காய வைக்கறீங்கன்னு நினைக்கறேன். தண்ணி நிக்கறது அதுக்கு அடியிலதான்.

இன்னொரு விஷயம். வெளிய வச்ச ஷூவைக் குழந்தைக்கு மாட்டறதுக்கு முன்னாடி தலைகீழாக் கவுத்து ரெண்டு தட்டு தட்டுங்க. பூரான், தேள், சிலந்தி எல்லாத்துக்கும் இருட்டான ஈரமான இடம் பிடிக்கும். கம்பூட்ல கட்டாயம் பாக்கணும்.

சேலம் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. ஓட்டை ஓட்டையா இருக்கற மெத்து மெத்துன்னு ஈவிஏ செருப்பைக் கழுவி மொட்டைமாடி வெயில்ல காய வைக்காதீங்க, மூடின கார்லயும் விட்டுட்டு வராதீங்க. சூட்டுல அது சுருங்கும். பாக்க அப்படியே இருக்கும், அளந்தா ஒரு சைஸ் குறைஞ்சிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை அத்தை

ஒண்ணு மட்டும் சேத்துக்கோங்க கண்ணுங்களா. நம்ம சேலத்துல கொலுசு போடாத பொண்ணு கால் ஏது? கணுக்கால் வரைக்கும் ஏறின ஷூவைக் கொலுசு மேல போட்டா திருகும் சலங்கையும் தோல்ல அழுந்திப் புண்ணாயிடும். சாக்ஸுக்குள்ள விட்டு மேல ஷூ போட்டா அதைவிட மோசம். கணுக்காலுக்குக் கீழ நிக்கற ஷூவா எடுங்க. சாக்ஸோட வாயை மடிச்சுக் கொலுசுக்குக் கீழ விடுங்க, கம்பூட் போடற அன்னிக்குக் கழட்டி வச்சுடுங்க. கொலுசும் வளர்ற காலுக்கு இறுகும். ஷூ அளவு பாக்கற அன்னிக்கே அதுக்குள்ள ஒரு விரல் நுழையுதான்னும் பாத்துடுங்க.

சாக்ஸும் சின்னதாகும், அதை யாரும் பாக்கறதில்ல. இறுக்கமான சாக்ஸ் விரலை மடக்கி வச்சுட்டா, பெரிய ஷூ வாங்கியும் பிரயோஜனமில்ல. பருத்தி அதிகமா இருக்கற சாக்ஸ் எடுத்து, உள்பக்கம் திருப்பி விரல் பக்கத்துத் தையலைத் தடவிப் பாருங்க. கயிறு மாதிரி தடிச்சிருந்தா அது நகத்துல உரசும்.

அம்மாபேட்டை அம்மா

கொலுசு விஷயம் எனக்குத் தோணவே இல்ல அத்தை, நல்லவேளை சொன்னீங்க. பெரியவ லைட் எரியற ஷூதான் வேணும்னு நிக்கறா. சின்னவனுக்கு மாமா கீச்கீச்சுன்னு சத்தம் வர்ற ஷூ வாங்கித் தந்திருக்காங்க. பரண்ல இருக்கற பழைய ஷூவுக்கும் யாராவது பதில் சொல்லுங்க.

பாதமும் நடையும்

விளக்கு எரியும் ஷூவின் குதியில் பட்டன் பேட்டரி இருக்கும். அடி மூடியபடி இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அடி பிளந்தாலோ, பேட்டரி இருக்கும் இடம் திறந்துகொண்டாலோ அந்த நிமிடமே ஷூவைத் தூக்கிப் போடுங்கள். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயில் ஆழமான புண் உண்டாகலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும், மலத்தில் வரும் என்று காத்திருக்கக் கூடாது. இன்னொரு குறையும் உண்டு. பேட்டரிக்கும் விளக்குக்கும் இடம் வைப்பதற்காக அடியைத் தடிமனாகச் செய்வார்கள், சரியாக மடங்காது. நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சத்தம் வரும் ஷூவைக் கல்யாண வீட்டுக்கு அரைமணி நேரம் போடுங்கள், போதும். சத்தத்துக்காகக் குழந்தை குதியை ஓங்கி ஓங்கிக் குத்தும், அது நடை அல்ல. சில ஷூவில் சத்தக்குமிழ் உள்தாளுக்கு அடியிலேயே இருக்கும், எடுத்துவிடலாம். எடுத்த குமிழைக் குழந்தை கையில் கிடைக்காமல் போடுங்கள், வாயில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

பழைய ஷூவைப் பற்றி: ஒருவர் தினமும் போட்ட ஷூவின் உள்தாளில் அவருடைய குதியும் விரல்களும் பள்ளமாகப் பதிந்திருக்கும். அடுத்த குழந்தையின் பாதம் அந்தப் பள்ளத்துக்குள் சரிந்து உட்காரும். அடிப்பாகத்தைத் தரையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஷூ ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் வேண்டாம். குதியின் வெளிப்பக்க ஓரம் கொஞ்சம் தேய்ந்திருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். கல்யாணத்துக்கு மட்டும் இரண்டு மூன்று தடவை போட்டது, பள்ளம் விழவில்லை, அளவும் ஒத்துவருகிறது என்றால் தாராளமாகப் போடலாம். புது உள்தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைவீதி காலணி

பரண்ல எத்தனை வருஷமா இருக்குங்கறதையும் பாருங்க. அடி பாலியூரித்தேன்னா, போடாம வச்சிருந்தாக்கூட காத்துல இருக்கற ஈரமே அதைச் சிதைச்சிடும். வெளிய புதுசு மாதிரி இருக்கும், போட்டு ரெண்டு தெரு நடந்ததும் பிஸ்கெட் மாதிரி உதிரும். குழந்தைக்கு மாட்டறதுக்கு முன்னாடி கட்டைவிரல் நகத்தால அடியை அழுத்திப் பாருங்க. நகத்தடம் அப்படியே நின்னாலோ, பொடி உதிந்தாலோ, ஓரத்துல மயிர்க்கோடு மாதிரி விரிசல் தெரிஞ்சாலோ விட்டுடுங்க. கடையில "பழைய ஸ்டாக், பாதி விலை"ன்னு குடுக்கற ஷூவுலயும் இதே சோதனையைச் செய்யுங்க.

ஒட்டுப்பட்டையில நூலும் முடியும் அடைச்சுப் பிடிக்காமப் போனா பழைய டூத்பிரஷால தேச்சு எடுங்க, மறுபடி பிடிக்கும். ஸ்கூல்ல நாடாதான் கட்டாயம்னா கேட்டுக்கோங்க. அஞ்சாறு வயசுக்கு முன்னாடி தானா முடிச்சுப் போட வராது. பட்டை வச்ச கறுப்பு ஷூவை யுகேஜிக்கு நிறைய ஸ்கூல்ல ஒத்துக்கறாங்க.

பில்லைப் பத்திரமா வைங்க. வாங்கினதும் தெருவுல இறக்காதீங்க. ரெண்டு நாள் சாயங்காலம் வீட்டுக்குள்ள சுத்தமான பாய் விரிச்சு அதுமேல அரைமணி நேரம் நடக்க விட்டு, கழட்டித் தடம் பாருங்க. அடியில மண் படாத வரைக்கும் மாத்தித் தரச் சொல்லிக் கேக்க முடியும். ஒரு தடவை வெளிய போட்டுட்டா பெரும்பாலும் எந்தக் கடையிலயும் வாங்கிக்க மாட்டாங்க.